சுளகளவு மழை

சின்னையாபுரத்துத் தீப்பெட்டிக் காலனியின் மூன்றாவது வரிசையில், வேலுத்தாய் வீட்டு வாசலில் பெயிண்டு வாளியில் நின்ற கனகாம்பரச் செடியின் மேல், பங்குனி மாதத்து உச்சி வெயிலில் மழை பெய்தது. செடியின் மேல் மட்டும் பெய்தது. அரிசி புடைக்கிற ஒரு சுளகை மல்லாக்க வைத்தால் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு அகலத்துக்கு, கம்பி கம்பியாக, அவசரமில்லாமல், ஓர் உலை கொதிக்கிற நேரம் பெய்துவிட்டு நின்றது. அக்கம்பக்கத்து மண்ணில் புழுதி பறந்துகொண்டிருந்தது. வேலுத்தாய் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை எடுத்து உள்ளே போட்டாள். பிறகு, மழை வந்தால் எந்தப் பொம்பளையும் செய்வதைப்போல, அண்டாவை இழுத்துக்கொண்டு வந்து, வாளியைத் தூக்கி அதற்குள் ஒரு செங்கல்லின் மேல் வைத்தாள்.

அதற்கு முந்தின இரண்டு ஐப்பசிகளும் மழையில்லாமல் போயிருந்தன. கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆகியிருந்தது. குழாயில் காற்று வந்தது. லாரித் தண்ணீர் வருகிற நாளில் காலனியே தெருமுனையில் நிற்கும். முகம் கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, பாத்திரம் கழுவியதைக் காலில் ஊற்றி, காலில் வழிந்ததைச் செடிக்கு விட்டுப் பழகியிருந்த ஊர் அது. வேலுத்தாயும் அரிசி களைந்த தண்ணீரில் ஒரு கை அள்ளித்தான் அந்தக் கனகாம்பரத்துக்கு விடுவாள். அதற்கே அது பூத்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் அண்டா நிறைந்தும் யாரும் குடம் கொண்டு வரவில்லை. மழையைக் கண்டு பயந்ததால் அல்ல. வேலுத்தாயின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று அந்த வரிசை முழுதும், யாரும் கூடிப் பேசாமலே, முடிவு செய்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தாகத்தில் கிடந்த புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்காதவள் என்று அவளுக்குப் பெயர். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் ஆலையில் அவளோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள், பசை கேட்டால் தள்ளிவைப்பார்கள், அவள் கொண்டு வந்த தண்ணீர்ச் செம்பை மட்டும் தொடமாட்டார்கள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு மழை பெய்தது. அன்றைக்கு ஆவுடையம்மாள் வந்தாள். அவள் ஆபீஸில் பெட்டிகளை எண்ணி வாங்குகிறவள், அவள் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மழையில் கையை நீட்டி, உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான் என்றாள். வானத்திலிருந்து வருவது யார் கையாலும் வருவதில்லை என்றும் பொதுவாக ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. மூன்றாவது வரிசை குடங்களோடு வந்தது, பிறகு இரண்டாவது வரிசை வந்தது, கடைசியில் காலனியே வந்தது.

அந்த மழையை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வீட்டுக்கு வந்த மருமகளை எடுத்துக்கொள்வதைப்போலத்தான். முதலில் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டார்கள். வாளியை எங்கே தூக்கி வைத்தாலும் மழை அங்கே வந்தது. வேறு செடியைப் பக்கத்தில் வைத்தால் அதன் மேல் ஒரு துளிகூட விழாமல் விலகிப் பெய்தது. கனகாம்பரத்தின் மேல் ஒரு சாக்கைப் பிடித்தால் மழை சட்டென்று நின்றது. அதன் இலையைத் தொட முடியாவிட்டால் அது பெய்யாது என்று தெரிந்துகொண்டார்கள். ஊர்த் தலைவர் வாளியைத் தலைச்சுமையாகக் கொட்டு முழக்கோடு கண்மாய்க்குக் கொண்டுபோனார். நடுக்கண்மாயில் வைத்தார்கள். மழை வந்தது, சுளகளவுக்குத்தான் பெய்தது, எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு மைனா அதில் குளித்தது. மாலையில் வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து வேலுத்தாய் வாசலிலேயே வைத்துவிட்டு, இது இருக்க வேண்டிய இடம் இதுதான்போல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, மழை பெய்து முடிகிறவரை குடைபிடித்து நின்று பார்த்துவிட்டு, இது எந்த இலாகாவில் வரும் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார்.

அண்டாவின் இடத்தில் சிமெண்டுத் தொட்டி வந்தது. எந்த வரிசை எந்தக் கிழமை பிடிப்பது என்று ஆவுடையம்மாள் வகுத்தாள். ஆபீஸ்காரர் மத்தியானச் சங்கை மழை நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். சங்கு ஊதியதும் பொம்பளைகள் தீக்குச்சி மருந்து ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். மழையைக் காட்டிப் பெண் கேட்டு, காலனியில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. வெளியூருக்குப் பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் ஒன்று சட்டி பானையோடு திரும்பி வந்தது. பெய்கிற நேரம் முடிந்தும் பொம்பளைகள் உடனே கிளம்பாமல் வேலுத்தாய் வீட்டு நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள், அவள் வீட்டு ஆட்டுரலில் மாவாட்டினார்கள், யக்கா என்றும் சித்தி என்றும் கூப்பிட்டார்கள். வேலுத்தாய் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் மத்தியானம் எப்போது வரும் என்று அவளுக்கு மனசு ஏங்கியது. அது மழைக்கான ஏக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வராதவள் ஒருத்திதான். எதிர்வீட்டுச் செண்பகவல்லி. அவள் வேலுத்தாயின் செத்துப்போன புருஷன் சீனிப்பாண்டியின் கூடப்பிறந்த தங்கச்சி, வேலுத்தாய்க்கு நாத்தனார். சுளகளவு மழை தன் கதவுக்கு நேராகப் பெய்வதைப் பார்த்தபடியே அவள் தெருமுனைக்குப் போய் லாரிக்குக் காத்திருந்தாள்.

ஆடி பிறந்தபோது செடி தொங்கத் தொடங்கியது.

முதலில் உச்சியில் இருந்த இலைகள் மடங்கிய ஆட்டுக் காதுகளைப்போலத் தொங்கின. காலையில்கூட, வெயில் ஏறாத நேரத்தில்கூட நிமிரவில்லை. கீழிலைகள் மஞ்சளாகி, தொட்டால் காம்போடு கழன்று வந்தன. பூங்கதிர்கள் பச்சையிலேயே கருகி உதிர்ந்தன. ஊர் பதறிப்போனது. செடி போனால் மழை போகுமா, போகாதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம் அதிகமாக இருந்தது. கண்ணேறு என்றார்கள், வாளியில் கரும்புள்ளி செம்புள்ளி வைத்து மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வெயில் தாங்கவில்லை என்று மேலே பந்தல் போட்டார்கள், மழை வரும் நேரத்துக்குப் பந்தலைப் பிரித்தார்கள். சத்து இல்லை என்று முட்டை ஓடும், தேயிலைச் சக்கையும், கறி கழுவிய தண்ணீரும் கொண்டுவந்து கொட்டினார்கள். பூச்சி என்று வேப்பெண்ணெய் தெளித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் போதவில்லை என்றார்கள். தண்ணீரில்லாமல் வாடுவது ஒன்றைத்தான் அந்த ஊர் கண்டிருந்தது. வாடினது எதைப் பார்த்தாலும் தண்ணீர் கொடு என்பதுதான் அவர்கள் வாயில் வரும். ஆகவே குடம் நிரப்பிய ஒவ்வொருத்தியும் போகும்போது, நன்றிக்கு நன்றியாகவும் மருந்துக்கு மருந்தாகவும், தன் குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துச் செடியின் தூரில் ஊற்றிவிட்டுப் போனாள். செடி இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினார்கள்.

ஒருநாள் காலையில் வேலுத்தாய் தனியாக வாளியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். இவ்வளவு தண்ணீருக்குள் நிற்கிற செடி ஏன் தாகத்தில் கிடப்பதுபோலக் கிடக்கிறது என்று யோசித்தாள். விரலை மண்ணில் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபின்னும் அந்த இடம் குழியாகவே நின்றது. குழியின் அடியில் மெல்லத் தண்ணீர் ஊறியது. தண்டின் அடிப்பக்கத்தை அழுத்தினாள். அதுவும் பொதபொதவென்று, வெந்த கிழங்குபோல உள்ளே போனது. விரலை முகர்ந்து பார்த்தாள், சாக்கடை வாடை.

அப்படியொரு குழியை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். சீனிப்பாண்டியின் முழங்காலுக்குக் கீழே, எண்ணெய் தேய்க்கும்போது.

சீனிப்பாண்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவனாக இருந்தான். தேக்குக் கட்டைபோல இருந்த உடம்பு ஒரு கோடையில் ஊதத் தொடங்கியது. பாதம் ஊதி, கால் ஊதி, முகம் ஊதி, கண் இடுங்கிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஒன்றுதான். உடம்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, ஆகவே நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கொடுக்காதே, கொடுத்தால் அதிலேயே மூழ்கிப்போவான் என்றார். வேலுத்தாய் கொடுக்கவில்லை. குடங்களை அடுக்களையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் கெஞ்சினான், பிறகு ஏசினான், பிறகு தெருவுக்குக் கேட்கும்படி, ஒரு வாய் குடு வேலு, ஒரே ஒரு வாய் என்று அழுதான். தெரு கேட்டது. எதிர்வீட்டிலிருந்து செண்பகவல்லியும் கேட்டாள். வேலுத்தாய் ஆபீஸுக்குப் போயிருக்கும்போது அவள் பின்ஜன்னல் வழியாக, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த செம்பிலிருந்து அண்ணன் வாயில் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் அல்ல, பல நாள். வேலுத்தாய் திரும்பி வந்தால் தலையணை ஒரு பக்கம் நனைந்திருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. அவன் செத்த அன்று, கடைசியாக வாயில் பால் ஊற்ற அவள் குனிந்தபோது, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் செண்பகவல்லி சொன்னாள்: "இப்ப ஊத்து. கேட்டப்ப ஊத்தல. இப்ப நல்லா ஊத்து." அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. ஊர் நாத்தனார் பக்கம் நின்றது.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேலுத்தாய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செய்தால் மழை நிற்கும், மத்தியானத்துக் கூட்டம் நிற்கும், ஆட்டுரலில் மாவாட்ட வருகிறவர்கள் நிற்பார்கள் என்பதும் தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட அவள் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நாளைக்காவது செடி தாங்கும்.

அன்று மத்தியானம் சங்கு ஊதி எல்லோரும் வந்தபோது அவள் வாளியின் மேல் சாக்கைப் போட்டு மூடி, பக்கத்தில் நின்றாள். மழை வரவில்லை. செடியின் வேர் அழுகுகிறது, தண்ணீர் கூடிப்போனதால் அழுகுகிறது, வேரைக் கழுவி மாற்றி நட்டு, கொஞ்ச நாளைக்குத் தண்ணீரே காட்டாமல் வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று சொன்னாள். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் கூடிப்போய் ஒரு செடி சாகும் என்பதைச் சின்னையாபுரத்தில் நின்றுகொண்டு கேட்பது அவர்களுக்குப் பெரிய அநியாயமாக இருந்தது. பிள்ளைக்காரிகள் குடத்தைத் தட்டிக் காட்டினார்கள். மழை திரும்பி வரும் என்று உன்னால் சொல்ல முடியுமா என்று ஆவுடையம்மாள் கேட்டாள். வேலுத்தாய் முடியாது என்றாள்.

"வாடிக் கெடக்குற ஒண்ணுக்குத் தண்ணி குடுக்காதேன்னு சொல்லுத," என்றாள் ஆவுடையம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. "யோசிச்சுச் சொல்லு வேலுத்தாயி. இதே வாசல்ல நின்னு முன்னாடியும் இதத்தான் சொன்ன."

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் செண்பகவல்லி நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் கேட்டு வந்திருந்தாள். வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். இழுத்து வந்து, சாக்கை விலக்கி, அவள் விரலை மண்ணில் வைத்து அழுத்தி, எடுத்துவிட்டாள். குழி நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சீனிப்பாண்டியின் கால்களைச் செண்பகவல்லியும் அமுக்கிவிட்டவள்தான். அவள் கையை உருவிக்கொண்டாள், தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊரும் கலைந்தது. செடி உன் செடி, என்னமும் செய் என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் கடைசியாகப் போனாள்.

வேலுத்தாய் வாளியை உள்ளே தூக்கிப் போய்த் தரையில் கவிழ்த்தாள். மண் கூழாகச் சரிந்தது. வாளிக்கு அடியில் ஓட்டையே இல்லை. தண்ணீரில்லாத ஊரில் வாளியில் ஓட்டை போடுவது யாருக்கும் தோன்றாது, அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை. வேர்கள் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தன. நடுவில் நாலைந்து வேர் மட்டும் இன்னும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தன. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டிக் கறுத்ததையெல்லாம் வெட்டினாள். இவ்வளவு கொஞ்சம் வேர் அவ்வளவு இலையைச் சுமக்காது என்று மேலே பாதியை, மொட்டு வைத்திருந்த ஒரு கதிரையும் சேர்த்து, நறுக்கினாள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வாளியின் அடியில் ஓட்டை போட்டாள். ஓட்டுச்சில்லு பரப்பி, கரிசல் மண்ணோடு மணலும் காய்ந்த சாணமும் கலந்து, நட்டு, வீட்டின் பின்ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் வந்து வெயில் வராத இடத்தில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மழை வந்தது. வாசல் தொட்டியில் வெறும் செங்கல்தான் இருந்தது. மழை செங்கல்லுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், துளிகளாக நின்று பார்த்தது. பிறகு கிளம்பி வீடு வீடாகத் தேடியது. ஒரு வாசலில் இரண்டு துளி, ஒரு கூரையில் நான்கு துளி. குடங்களோடு பின்னாலேயே ஓடினார்கள், எந்தக் குடத்திலும் விழவில்லை. செடிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்னால் நீட்டினார்கள், ரோஜாவை நீட்டினார்கள், நந்தியாவட்டையை நீட்டினார்கள், மழை ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டு விலகியது. கடைசியில் அது வேலுத்தாய் வீட்டு ஓட்டின் மேல் வந்து நின்றது. கீழே வீட்டுக்குள் அவளுக்கு அது கேட்டது. யாரோ விரல்நுனியால் ஓட்டைத் தட்டுவதுபோல, நிறுத்தி நிறுத்தி, வெகு பொறுமையாக. அவள் எழுந்து போகவில்லை. அப்படித் தினமும் வந்து தட்டிவிட்டுப் போனது.

ஊர் மறுபடி லாரிக்கு நின்றது. ஆபீஸ்காரர் சங்கை மட்டும் மாற்றவில்லை. சங்கு ஊதினால் பொம்பளைகள் எழுந்து நின்று, எங்கும் போவதற்கில்லாமல், மறுபடி உட்கார்ந்தார்கள். வேலுத்தாயோடு யாரும் சண்டை போடவில்லை. அவளுக்கு முன்னால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நட்ட பின்பு செடி முன்னைவிட மோசமாகத் தொங்கியது. மிச்சமிருந்த இலைகள் நனைந்த துணிபோலத் தண்டோடு ஒட்டிக்கொண்டன. வேலுத்தாய் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டாவது கணு வரை ஈரம் இருந்தது. ஈரம் இருக்கிறவரை ஊற்றக் கூடாது. ஆனால் அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு ஊற்றாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளைத் தவிர அந்த ஊரில் யாருக்குத் தெரியும். பக்கத்திலேயே குடம் இருந்தது. அவள் கை இரண்டு முறை செம்பு வரைக்கும் போய்த் திரும்பியது.

ஒருநாள் மத்தியானம், மழை ஓட்டைத் தட்டிவிட்டுப் போன பிறகு, பின்ஜன்னலில் வெளிச்சம் மறைந்தது. செண்பகவல்லி நின்றாள். முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள். உள்ளே இருட்டில் வேலுத்தாய் உட்கார்ந்திருப்பது அவளுக்கு முதலில் தெரியவில்லை. முந்தானையை விலக்கிச் செம்பை எடுத்து, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, செடிக்கு மேலே கொண்டுவந்துவிட்டாள். அப்புறம்தான் அவளைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"தல தொங்கிக் கெடக்கு, மதினி," என்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"ஆமா."

"ஒரு வாய் ஊத்துனா என்ன ஆயிரும்?"

வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. "ஊத்தேன். நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அப்பவும் சொல்லல."

 செம்பு கம்பியில் தட்டிச் சின்னதாக ஒரு சத்தம் எழுந்தது. தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நீ வந்துட்டுப் போன நாளையில எல்லாம் அவர் நல்லாத் தூங்குனாரு," என்றாள் வேலுத்தாய். "அதான் நானும் கேக்கல. அவர் போனதுக்கு அது காரணமா, இல்லயான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவரத் தூங்க வச்சது நீதான். அது எனக்குத் தெரியும்."

வெளியே எங்கோ ஆடு கத்தியது. செண்பகவல்லியின் கை கம்பிக்குள்ளேயே இருந்தது, செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது, அதற்கு ஒரு சாண் கீழே செடி தொங்கிக்கொண்டிருந்தது. ஊற்றாமல் இருப்பதற்கு அவள் உடம்பு முழுதும் வேலை செய்ய வேண்டியிருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க இன்னொரு கையையும் எடுக்கவில்லை. பிறகு கையை மெதுவாக வெளியே இழுத்தாள். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். வேலுத்தாய் உள்பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அன்று மாலைவரை இரண்டு பேரும் செடிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்கள், அதன் பிறகு தினமும் அப்படி உட்கார்ந்தார்கள்.

விரலின் இரண்டாவது கணு வரை காய்ந்த நாளில் வேலுத்தாய் ஒரு கை தண்ணீர் விட்டாள். மறுபடி காய்ந்தபோது இன்னொரு கை. ஒரு காலையில் கீழ்க்கணுவில் மிளகு அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஒட்டிக்கிடந்த இலைகளில் மூன்று, படுத்திருந்தவன் கையூன்றி எழுவதுபோல, தண்டிலிருந்து விலகி நிமிர்ந்தன. மற்றவை உதிர்ந்தன. ஆவணி முடியும்போது புது இலைகள் விரிந்து, நடுவில் ஒரு கதிர் கூர்மையாக எழுந்து நின்றது.

அன்று சங்கு ஊதியபோது பொம்பளைகள் தெருவில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. செண்பகவல்லி காலையிலிருந்தே வேலுத்தாய் வாசலில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வேலுத்தாய் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் பயந்தது மழை வராமல் போவதற்கு மட்டும் இல்லை. வந்தால் யார் அதை நிறுத்துவது என்பதும்தான். ஓர் உலை கொதிப்பதற்கு முன் தானாக நிற்கிற மழை இல்லை அது. அவ்வளவு நேரம் விட்டால் மறுபடி வேர் முழுகும். இத்தனை குடங்களுக்கு முன்னால், இத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு முன்னால், சாக்கை எடுத்து மூடுகிற அந்தக் கை மறுபடியும் தன் கையாகவே இருக்க வேண்டும். இறங்கிப் போய்ச் செங்கல்லின் மேல் வாளியை வைத்துவிட்டுப் படிக்குத் திரும்பினாள்.

மழை ஓட்டின் மேலிருந்து இறங்கி வந்தது. செடியைச் சுற்றி ஒரு முறை வந்தது. பிறகு பெய்தது. பழைய அளவில், பழைய வேகத்தில், கம்பி கம்பியாகப் பெய்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு ஒருத்தி வாய்விட்டு அழுதாள். ஆவுடையம்மாள் முதல் குடத்தைப் பிடித்தாள், பின்னால் அடுத்த குடம், அதற்கும் பின்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. புது இலைகள் மழைக்கு ஆடின. வாளியின் அடியிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. அது தெளிவாக வழிந்தது, பிறகு பெருகி வழிந்தது. வேலுத்தாய் அதையே பார்த்தாள். போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரிசையைப் பார்த்தாள். அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

செண்பகவல்லி வரிசையிலிருந்து விலகி வந்தாள். அவள் இடுப்பில் இருந்த குடத்தில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள். தொட்டியின் ஓரத்தில் மடித்துக் கிடந்த சாக்கை எடுத்து உதறி, மழைக்குள் கையை நுழைத்து, செடியின் மேல் விரித்துப் பிடித்தாள்.

மழை நின்றது. துளிகள் அவள் தலைக்கு மேலே அந்தரத்தில் தங்கி நின்றன.  ஆவுடையம்மாள் பாதிக் குடத்தோடு நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு இவ்வளவு போதும்," என்றாள் செண்பகவல்லி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மேலே பார்த்தும் சொன்னாள், வரிசையைப் பார்த்தும் சொன்னாள். "நாளைக்கு வந்தாப் போதும்."

வெறுங்குடம் வைத்திருந்தவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி தன் குடத்தைத் திருப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு லாரி வரும் முனையைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி போனாள். ஆவுடையம்மாள் தன் பாதிக் குடத்தை, அடுத்து நின்ற பிள்ளைக்காரியின் குடத்தில் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போனாள்.

சாக்கின் நனைந்த கனத்தில் செண்பகவல்லியின் கைகள் இறங்கத் தொடங்கின. வேலுத்தாய் படியிலிருந்து இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்தாள். தலைக்கு மேலே நின்ற துளிகள் ஒவ்வொன்றாக மெலிந்து, காற்றாகி, ஓட்டுக்கு மேலே ஏறிப் போகும்வரை இரண்டு பேரும் அதைத் தாழ விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.